கண்ணாடி வட்டுக்கு வைத்த சந்தனப் பொட்டு

என் முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று எங்களை நம்பி இரவல் கொடுத்த கண்ணாடிக்கு, ஆயுதபூஜையன்று நான் பொட்டு வைத்தேன்.

சிங்காநல்லூர் பக்கம் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் நான் டெக்னீஷியன். வெள்ளகோவிலிலிருந்து வந்து ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணுக்காக அந்தக் கண்ணாடி வட்டு வந்திருந்தது. அவளை நான் அம்மணி என்றுதான் கூப்பிடுவேன். எங்கோ நட்சத்திரங்கள் மோதினால் கிளம்பும் ஈர்ப்பலையை லேசரையும் கண்ணாடிகளையும் வைத்துப் பிடிக்கிறார்கள். அலை அவ்வளவு மெல்லியது. கண்ணாடியின் மேல்பூச்சு தன் சூட்டிலேயே நடுங்கினால்கூட அந்த நடுக்கத்தில் அலை மறைந்துபோகும். படிகத்தால் ஆன பூச்சு குறைவாக நடுங்கும் என்கிறார்கள். அதைச் சோதிக்க, காற்றை உறிஞ்சி எடுத்த சேம்பருக்குள், அந்தப் பூச்சு பூசிய இந்த வட்டை லேசாக அதிரவிட வேண்டும். நெடுநேரம் அதிர்ந்தால் பூச்சு நல்லது, தன்னால் அதிகம் நடுங்காது. தட்டிய எவர்சில்வர் டம்ளரில் விரல் வைத்தது போலச் சட்டென்று அடங்கினால் மோசம்.

பூஜையன்று பம்ப், கம்ப்யூட்டர், சேம்பர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். விருந்தாளியாக வந்த வட்டை மட்டும் விட மனசு வரவில்லை. லேசர் நடுவில்தானே படும், ஓரத்தில் கடுகளவு வைத்தால் என்ன? குங்குமம் கண்ணுக்குத் தெரியும் என்று சந்தனத்தோடு நிறுத்திக்கொண்டேன். அந்த முன்யோசனைக்காக எனக்கு நானே சபாஷ் வேறு போட்டுக்கொண்டேன்.

வட்டு வெள்ளிக்கிழமை திரும்பிப் போக வேண்டும். அம்மணியின் ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் அந்த அளவை நம்பித்தான் இருந்தது. திங்களும் செவ்வாயும் அளந்தாள். ஒவ்வொரு முறையும் அதிர்வு தொடங்கிய வேகத்தில் செத்துப்போனது. புதன்கிழமை என் மேசைக்கு வந்தாள்.

"ஏனுங்ண்ணா, பூச்சே சரியில்லீங்க. அவுங்களுக்கு எழுதிப்போட்டு, அந்த அத்தியாயத்தையே எடுத்துப்போடலாம்னு இருக்கறேன்."

"அதுக்குள்ள எதுக்குங்க அம்மணி?"

"வேற என்ன பண்றதுங்க? வட்டுல ஒண்ணும் படலீங்களே?"

"பட்டுச்சுங்க."

"என்னதுங்க?"

"சந்தனம். கொஞ்சூண்டு. நல்ல சந்தனந்தானுங்க, காங்கேயத்துல வாங்குனது."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பேன். கையுறை மாட்டி, வட்டின் ஓரத்தை ஒரு மணி நேரம் சுத்தம் செய்தாள். சேம்பரிலிருந்து மறுபடி காற்றை எடுக்க வியாழன் முழுக்க ஓடிவிட்டது.

வெள்ளி காலை வட்டை அதிரவிட்டாள். பார்க்கத் தைரியமில்லாமல் நான் கேன்டீனுக்குப் போனேன். டீ குடித்து, வடை தீர்ந்ததற்கு மாஸ்டரோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பினால், திரையில் அதிர்வு இன்னும் அடங்கவில்லை. மத்தியானத்துக்குள் எடுத்த மூன்று அளவுகளும் ஒத்துப்போயின. அத்தியாயம் பிழைத்தது.

பார்சல் கட்டும்போது எனக்குப் பழைய துணிச்சல் வந்துவிட்டது.

"பாத்தீங்களா அம்மணி, சாமி கைவிடலீங்க."

டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்:

"அடுத்த வருசம் உங்க நெத்தியோட நிறுத்திக்குங்க."