ஹெட்போன் ரிஜிஸ்டரில் பம்பை

1. நூல் கட்டிய பேனா

ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் பி.எம். ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து தண்ணீர் கேன் பக்கத்தில் வைத்தார். கூடவே நூல் கட்டிய பேனா ஒன்று. அட்டையில் 'ஹெட்போன் ரிஜிஸ்டர்' என்று எழுதியிருந்தது. உள்ளே ஐந்து கட்டம்: தேதி, பெயர், என்ன பாட்டு, காரணம், பி.எம். கையெழுத்து.

பி.எம். என்றால் ப்ரொடக்‌ஷன் மேனேஜர். சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் இருந்துவிட்டு அப்போதுதான் எங்களிடம் வந்திருந்தார். எங்களுடையது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மாடி ஆபீஸ். இங்கிலீஷ், பிரெஞ்சு என்று வெளிநாட்டுப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் கம்ப்யூட்டரில் பக்கமாக அமைத்து அனுப்பும் டைப்செட்டிங் வேலை. கீழே கிரில் கேட் செய்யும் பட்டறை இருந்தது. அங்கே கிரைண்டர் ஓடினால் மாடியில் எங்கள் பல் கூசும். அதற்காகத்தான் எல்லாரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டோம். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"கேக்கறதுன்னா கேளுங்க. ஆனா என்ன கேக்கறீங்க, எதுக்குக் கேக்கறீங்கன்னு எழுதிட்டுக் கேளுங்க. எழுத வெக்கப்படற பாட்ட ஆபீஸ்ல கேக்காதீங்க" என்றார்.

எனக்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை. முதல் ஆளாகப் போய் எழுதினேன். என்ன பாட்டு: பம்பை. காரணம்: பிடிக்கும்.

நான் பாகூர்ப் பக்கம். எங்கள் ஊர் தீமிதிக்குப் பம்பைக்காரர்கள் வந்தால் விடிய விடிய அடிப்பார்கள். அந்தத் திருவிழாக் கடையில் வாங்கிய கேசட்டை பிரவுசிங் சென்டரில் கொடுத்து எம்.பி.3 ஆக்கி வைத்திருந்தேன். நாற்பது நிமிடம், பாட்டு கிடையாது, அடி மட்டும்.

பி.எம். அதைச் சத்தமாகப் படித்தார். "என்னம்மா அஞ்சலாட்சி, பம்பையா? சாமி வந்து கீபோர்ட உடைச்சிடப் போற."

ஆபீஸே சிரித்தது. பக்கத்து சீட் சபீனாவும் சிரித்தாள். அவர் சிவப்புப் பேனாவை எடுத்து 'பிடிக்கும்' என்ற வார்த்தையை அடித்தார்.

"இது காரணமே இல்ல. வேலைக்கு என்ன உபயோகம்னு எழுது."

எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. அடித்த வார்த்தைக்குக் கீழே எழுதினேன்: 'பம்பையில் வார்த்தை இல்லை. கண்ணில் பிரெஞ்சு, காதில் தமிழ் என்று சண்டை வராது. அடி சீராக இருப்பதால் கையும் சீராக ஓடும்.' கட்டம் போதாமல் ஓரத்தில் எல்லாம் எழுதினேன். அவர் படித்துப் பார்த்தார். மறுக்க எதுவும் இல்லாததால் கையெழுத்துப் போட்டார்.

மற்றவர்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள். மறுநாளிலிருந்து பாட்டுக் கட்டத்தில் எல்லாரும் 'வீணை' என்று எழுதினார்கள். காரணம்: மன அமைதி. ஏழு பேர் வீணை கேட்டதாக நோட்டு சொன்னது. எல்லாரும் பாட்டு எடுக்கும் எங்கள் ஆபீஸ் சர்வரில் ஒரு வீணைப் பாட்டுகூடக் கிடையாது.

"நீயும் வீணைன்னு எழுதிட்டுப் போயேன்டி. நோட்டு இன்னா காதுல வந்து கேக்கவா போவுது?" என்றாள் சபீனா. அவள் கேட்டதெல்லாம் சுத்தமான குத்துப்பாட்டு.

"நான் கேக்கறது பம்பை. அதத்தான் எழுதுவேன்" என்றேன்.

முதல் வாரம் பி.எம். வரி வரியாகப் படித்தார். அடுத்த வாரம் மேலோட்டமாகப் பார்த்தார். அதற்கப்புறம் சாயங்காலம் வந்து மொத்தமாகக் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போனார்.

2. கோலனுக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ்

டைப்செட்டிங் பழகுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலீஷில் கோலன், செமிகோலன், கேள்விக்குறி எல்லாம் வார்த்தையை ஒட்டி வரும். பிரெஞ்சில் அவற்றுக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்பேஸ் விட வேண்டும். எனக்கு பிரெஞ்சு தெரியாது. ஆனால் எட்டு மாதம் பிரெஞ்சுப் பக்கங்களையே ஓட்டியதில் அந்த ஸ்பேஸ் கண்ணுக்குப் பழகிவிட்டது.

ஒரு நாள் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையின் முழு இதழும் முடிந்து அனுப்பத் தயாராக இருந்தது. பி.எம். என் பின்னால் வந்து நின்று ஸ்கிரீனைப் பார்த்தார். அவர் அதுவரை பார்த்ததெல்லாம் இங்கிலீஷ் வேலை.

"என்ன இது, கோலனுக்கு முன்னாடி எல்லா எடத்துலயும் ஸ்பேஸ் நிக்குது? எடுத்துடு. ரீப்ளேஸ் ஆல் போடு."

"சார், பிரெஞ்சுல அது இருக்கணும் சார்."

"நீ பிரெஞ்சு படிச்சிருக்கியா?"

"இல்ல சார்."

"அப்ப சொன்னதச் செய்."

சபீனா ஒரு காதிலிருந்து ஹெட்போனை இறக்கிவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் எழுந்து போய் ரிஜிஸ்டரில் எழுதினேன். பாட்டு: பம்பை. காரணம்: 'கோலனுக்கு முன்னால் இருக்கும் ஸ்பேஸை எல்லாம் எடுக்கச் சொல்லி பி.எம். சார் உத்தரவு. வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. தப்பு என்று தெரிந்தே செய்ய மனசு வரவில்லை. அதனால் சத்தமாக வைத்துக்கொண்டு செய்கிறேன்.'

ஸ்பேஸ் போனதும் வரிகள் நகர்ந்தன. எல்லாப் பக்கத்தையும் மறுபடி சரிசெய்ய அரை நாள் ஆனது. சாயங்காலம் அவர் வழக்கம்போல வந்து கையெழுத்துப் போட்டார்.

3. மதாம் முன்னால்

இரண்டு வாரத்தில் முழு இதழும் பிரான்சிலிருந்து திரும்பி வந்தது. கூடவே, ஸ்பேஸ் எல்லாம் எங்கே என்று காட்டமான ஒரு மெயில். முதலாளியம்மா அன்று நேரிலேயே வந்துவிட்டார். பாதி வருடம் அங்கே, பாதி வருடம் இங்கே என்று இருக்கும் புதுச்சேரிக் குடும்பத்துப் பெண்மணி. நாங்கள் மதாம் என்றுதான் கூப்பிடுவோம்.

பி.எம். யோசிக்கவே இல்லை. "அஞ்சலாட்சி பண்ண ஜாப் மதாம். காதுல பம்பைய அலறவிட்டுக்கிட்டு ரீப்ளேஸ் ஆல் போட்டுட்டா. இந்தப் பொண்ண ஸ்கேனிங்குக்கு மாத்திடலாம். கன்ஃபர்மேஷனும் வேண்டாம்."

வேலை நிரந்தரமாக எனக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. நிரந்தரமாகாவிட்டால் ஊருக்குப் போய் நாற்று நட வேண்டியதுதான். டவுனுக்குப் போனது போதும் என்று அப்பா ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார் சொல்லித்தான் எடுத்தேன் மதாம்" என்றேன்.

"நான் எப்பம்மா சொன்னேன்?" என்றார் பி.எம். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

மதாம் சபீனாவைப் பார்த்தார். "நீ பக்கத்துலதானே இருந்த? ஏதாவது கேட்டியா?"

சபீனா தரையைப் பார்த்தாள். "நான் ஹெட்போன் போட்டிருந்தேன் மதாம். வீணை."

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். அவளுக்கும் சம்பளம் வேண்டும் என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது. "சாரின்னு சொல்லிடுடி, விட்டுடுவாங்க" என்று என் காதோடு சொன்னாள். செய்யாத தப்புக்கு எதற்கு சாரி? நான் நேராகத் தண்ணீர் கேன் பக்கம் போனேன். பேனா நூலோடு தொங்க, ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்து மதாம் முன்னால் ஸ்பேஸ் எடுத்த தேதியின் பக்கத்தைத் திறந்து வைத்தேன்.

"இத படிங்க மதாம். கீழ கையெழுத்து யாருதுன்னும் பாருங்க."

மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு முன்பக்கங்களைப் புரட்டினார். வீணை, வீணை, பம்பை, வீணை என்று விரலை வைத்துக்கொண்டே போனார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

பி.எம். தொண்டையைச் செருமினார். "தினம் இதையெல்லாம் படிக்க முடியுமா மதாம்? சும்மா சைன் பண்றதுதான்."

"படிக்க மாட்டீங்கன்னா எதுக்கு எழுதச் சொன்னீங்க?"

மதாம் ரிஜிஸ்டரை மூடி அவர் கையில் கொடுத்தார். ஸ்பேஸை எல்லாம் திரும்பப் போடும் வேலை எனக்கு வந்தது. மூன்று நாள் போட்டேன், பம்பையோடு. நான்கு மாதம் கழித்து கன்ஃபர்மேஷன் லெட்டரும் வந்தது.

4. கடைசியாக எழுதியது

மதாம் வந்துபோன மறுநாள் காலை, தண்ணீர் கேன் பக்கம் மறுபடி வைத்திருந்த ரிஜிஸ்டரை பி.எம். எடுத்துக்கொண்டு போகப் பார்த்தார். "இனிமே இது வேணாம்மா. கேக்கறத கேளுங்க."

"இருக்கட்டும் சார். இன்னிக்கு ஒரு நாள் எழுதிக்கறேன்" என்று சொல்லி அவர் கையிலிருந்தே வாங்கினேன்.

அப்போது சபீனா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். பேனாவைப் பிடுங்கி, பாட்டுக் கட்டத்தில் 'குத்து' என்று பெரிதாக எழுதினாள். காரணக் கட்டத்தில், 'வீணை எனக்குத் தெரியாது. நேற்றுச் சொன்னதும் பொய்.' எழுதிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த ஆபீஸில் கற்றதை இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். என்ன கேட்கிறாய், எதற்குக் கேட்கிறாய் என்று உங்களையும் யாராவது கேட்பார்கள். பாட்டைப் பற்றி மட்டும்தான் கேட்பார்கள் என்று இல்லை, சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள், உடுப்பைப் பற்றிக் கேட்பார்கள். அவர்களுக்குப் பிடித்த பதிலை எழுதிக் கொடுத்தால் அந்த நேரத்துக்குத் தப்பிக்கலாம். ஆனால் உங்களுக்கு ஒன்று என்று வரும்போது நீங்கள் எழுதிய வீணை உங்களுக்காகப் பேசாது. என்னைக் காப்பாற்றியது நான் எழுதிய பம்பைதான்.

அன்று நான் எழுதியதைச் சொல்லவில்லையே. தேதி போட்டேன், பெயர் போட்டேன். பாட்டு: பம்பை. காரணம்: பிடிக்கும்.

நோட்டை பி.எம். பக்கம் திருப்பி வைத்து, "படிச்சிட்டு சைன் பண்ணுங்க சார்" என்றேன். அவர் சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது. கை அது வரைக்கும் போனது. பிறகு நூல் கட்டிய பேனாவை எடுத்து, அந்த ஒரு வார்த்தையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.