எதிர்க்கடை இஞ்சின்

நசுருதீன் பாய் தன் கடைச் சுவரில் பழைய லாரியின் பக்கக் கண்ணாடி ஒன்றை ஆணியடித்து மாட்டியிருக்கிறார். வேலை முடிந்ததும் தலை சீவிக்கொள்வதற்கு என்பார். அவர் தலையில் சீவுவதற்கு ஒன்றும் இல்லை. சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாலும் அந்தக் கண்ணாடியில் எதிர்க்கடை முழுதாகத் தெரியும். அது பார்த்திபன் கடை.

செஞ்சியில் திண்டிவனம் சாலையில் முப்பத்திரண்டு வருடமாக பாய் மெக்கானிக். ஏழாம் வகுப்போடு நின்றவர். லாரி ஷெட்டில் கிடந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது அத்தனையும். ஓடும் இஞ்சின்மேல் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார். எந்த வண்டிக்கும் திறந்து பார்க்காமல் தீர்ப்பு சொன்னதில்லை. அது அவர் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம்.

பார்த்திபன் வந்து இரண்டு வருடமாகிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் கம்பெனியில் வேலை பார்த்தவன். வண்டியை ஆளுயரத்துக்குத் தூக்கும் லிஃப்ட், வயரைச் சொருகினால் கோளாறைத் திரையில் காட்டும் ஸ்கேனர், வருகிறவர்கள் உட்கார நாற்காலி, குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் எல்லாம் வைத்திருந்தான். கோட்டை பார்க்க வரும் வெளியூர்க் கார் எது நின்றுபோனாலும் அங்கேதான் போகும். பாய் காலையில் ஒருமுறை அந்தக் கார்களை எண்ணுவார். சாயங்காலம் தொழுகைக்குப் போகுமுன் இன்னொருமுறை எண்ணுவார். வீட்டுக்குப் போய் மனைவி அசீசுன்னிசாவிடம் அந்தக் கணக்கைச் சொல்வார்.

"அவன் கடையில ஏழு வண்டின்னு எனக்கெதுக்கு சொல்றீங்க? நம்ம கடையில எத்தினின்னு சொல்லுங்க" என்பாள் அவள்.

சிங்கவரம் மங்கை பதினோரு வருடமாக அவருடைய வாடிக்கை. சொந்தமாக ஒரு பழைய டீசல் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவள். மேல்சித்தாமூரில் ஒரு சமண நயினார் வீட்டுப் பெரியவருக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. ரத்தம் சுத்தம் செய்ய வாரம் இரண்டு நாள் அவரை விழுப்புரத்துக்குக் கூட்டிப்போய் வருவது மங்கைதான். போன மாதம் ஏசிக்கு கேஸ் நிரப்ப அவளுடைய கார் பார்த்திபன் கடைக்குள் நுழைந்ததை பாய் கண்ணாடியில் பார்த்தார். அன்றைக்கு மதியம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் காரைத்தான் ஒரு திங்கட்கிழமை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தாள். வழியில் ரேடியேட்டர் குழாய் வெடித்துத் தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டது. பெரியவரை வீடு சேர்த்துவிட வேண்டுமென்று அப்படியே எட்டு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறாள். ஆயில் பார்க்கும் கம்பியை உருவியபோது, தண்ணீர் கலந்த ஆயில் பால் டீ நிறத்தில் வந்ததாம்.

"பார்த்திபன் எட்டிப் பாத்தான் பாய். கம்பிய உருவினான், அவ்ளோதான். இஞ்சின் மாத்தணும்ன்றான். நீங்க இன்னா சொல்றீங்க?"

பக்கத்து டீக்கடையில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தன்னிடம் வருமுன் அவனிடம் காட்டியிருக்கிறாள் என்பது பாயைச் சுட்டது.

"தொறக்காமயே மாத்துன்னு சொல்றதுக்கு மெக்கானிக் எதுக்கு? கிளி ஜோசியக்காரன் போதுமே. இதே இஞ்சின ஓட வச்சிக் காட்டறேன் பாரு."

"நீங்க சொன்னா சரி பாய்" என்றாள் மங்கை. "மாத்தறதுன்னா செலவு மூணு மடங்கு. அவங்கிட்ட வேணாம்னு சொல்லிட்டு வந்துடறேன்."

அவள் சாலையைக் கடந்து போய்ச் சொன்னதைக் கண்ணாடியில் ரசித்துப் பார்த்தார். பானெட்டை அதுவரை அவர் திறக்கவே இல்லை.

மறுநாள் இஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார். ஹெட் என்கிற அந்த மூடி வளைந்திருந்தது. லேத் பட்டறையில் கொடுத்துச் சீவினால் சரியாகிவிடும். அடியில் இருக்கும் பிளாக்குதான் உயிர். அதன் முகத்தைச் சுரண்டித் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, கால்மணி நேரம் விட்டார். பிறகு ஈரமில்லாமல் துடைத்துவிட்டுச் சாக்பீஸை உரசினார். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய மண்ணெண்ணெய் மேலே கசிந்து சாக்பீஸ் பொடியை நனைக்கும்.

முதலில் எல்லாம் வெள்ளையாக இருந்தது. பிறகு இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு மெல்ல எழுந்தது.

கட்டைவிரலால் அழித்தார். மறுபடி சாக்பீஸ் உரசினார். கோடு மறுபடி வந்தது.

பிளாக் வெடித்திருக்கிறது. மாற்றத்தான் வேண்டும். ஒரு நட்டைக்கூடத் தொடாமல் பார்த்திபன் சொன்னது சரியாகிவிட்டது. விரிசலைவிட இதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அவன் வருகிற எல்லோருக்கும் மாற்று மாற்று என்றுதானே சொல்கிறான், குருட்டாம்போக்கில் விழுந்தது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். கோடு அங்கேயே இருந்தது.

பசை தடவி, நடுவே புது கேஸ்கெட் தகடு வைத்து மூடினால் ஒரு மாதம் ஓடும். அவ்வளவு நாளும் டீக்கடையில் பேச்சு அவருடையதாக இருக்கும். நின்றுபோனால் குழாய் மேல் பழி போடலாம். பசை டப்பாவைக் கையில் எடுத்தும்விட்டார். நின்றால் எங்கே நிற்கும் என்று யோசித்தார். விழுப்புரம் சாலையில், பின் சீட்டில் அந்தப் பெரியவரோடு நிற்கும்.

டப்பாவை வைத்துவிட்டு மங்கைக்கு போன் போட்டார். அவள் வந்ததும் சாக்பீஸை அவள் கையிலேயே கொடுத்தார்.

"நீயே தேய்."

தேய்த்தாள். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள். "இன்னா பாய், கோடு வருது?"

"வெடிச்சிருக்குது. மாத்தணும்."

"பார்த்திபன் சொன்னதேதானே!"

"ஆமா." சாக்பீஸை அவளிடமிருந்து வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நான் தொறக்காம சொல்லிட்டேன். தப்பு."

பழைய இஞ்சின்கள் பக்கத்தில் பார்த்திபனிடம்தான் இருந்தன. இரண்டு வருடத்தில் முதல்முறையாக பாய், மங்கையோடு அந்தச் சாலையைக் கடந்தார்.

"வாங்க பாய், உக்காருங்க. தண்ணி சாப்புடுங்க" என்றான் பார்த்திபன். அவன் குத்திக்காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"ஹெட்டக் கழட்டு" என்றார் பாய், அங்கே கிடந்த ஒரு பழைய இஞ்சினைக் காட்டி.

"ஓடின இஞ்சின் பாய். நான் கேரண்டி தரேன்."

"கழட்டு."

கழற்றினான். பாய் மண்ணெண்ணெய் தடவினார், துடைத்தார், சாக்பீஸ் உரசினார். கோடு வரவில்லை. மறுபடி உரசினார். வரவில்லை. மூன்றாவது முறையும் ஆரம்பித்தபோது மங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"போதும் பாய். இருக்கற சாக்பீஸுக்கு ஒரு பள்ளிக்கூடமே நடத்திடலாம்."

இஞ்சின் பழுதில்லாமல் இருந்தது. பார்த்திபன் ஒரே நாளில் அதை ஏற்றினான். வண்டி லிஃப்டில் உயர்ந்து நின்றதைக் கண்ணாடியில் பார்த்த பாய், சாயங்காலம் வழக்கமான எண்ணிக்கையில் அதை மட்டும் விட்டுவிட்டார்.

இது நடந்து ஏழு மாதமாகிறது. மங்கை ஆயில் மாற்றப் பார்த்திபன் கடைக்குத்தான் போகிறாள். ஆனால் போகுமுன் ஒவ்வொரு முறையும் பாய் கடை முன்னால் நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் பானெட்டைத் திறக்கிறாள்.

"கேட்டுச் சொல்லுங்க பாய்."

பாய் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்பார். ஒரு தட்டல், ஒரு சின்ன இரைச்சல் கிடைக்காதா என்று ஒவ்வொரு சிலிண்டராகத் தேடுவார். இதுவரை கிடைக்கவில்லை.

"நல்லா இருக்குது, போ" என்பார், இழவு வீட்டில் சொல்கிற குரலில்.