அம்மா வாசிக்காமல் போட்ட கையெழுத்து

கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதீங்க!

உங்கள் ஒன்பது பேருக்கு மட்டும் தெரிகிற மாதிரித்தான் போட்டிருக்கிறேன். ஸ்கிரீன்ஷொட் வேண்டாம். (தர்சினி, முக்கியமாக நீ!)

இன்று பின்னேரம் அம்மாவை ஏமாற்றிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் என்ன கடதாசி தந்தாலும் அம்மா வாசிப்பதில்லை. "எவடத்துலகா?" என்று கேட்டு, நான் விரல் வைக்கிற இடத்தில் கையெழுத்துப் போடுவா.

இன்றும் போட்டா. ஆனால் அது பள்ளிக்கூடக் கடதாசி இல்லை.

படையில் கடேற்றாக, அதாவது பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்து, அவர்கள் செலவிலேயே டொக்டருக்குப் படிக்கிற விண்ணப்பம். படித்து முடித்தபின் சீருடையோடு அவர்களிடமே வேலை.

கம்பசில் டொக்டருக்குப் படிக்க, போன சோதினையில் நான் எடுத்த இசட் ஸ்கோர் புள்ளி கொஞ்சம் காணாது; இரண்டாம் தரம் எழுதப்போகிறேன், அதிலும் நம்பிக்கை இல்லை. எனக்குத் தெரிந்த மற்ற வழி இதுதான்.

(உயரம் காணுமா என்று கதவு நிலையில் அளந்தேன். மூன்று தரம். மூன்றும் வேறு வேறு!)

ஆமி உடுப்பு என்றால் அம்மா அந்தப் பக்கமே பார்க்க மாட்டா. சண்டைக் காலத்தில் ஆமி பிடித்துப்போய்க் காணாமல் போன தன் ஒரே தம்பியின் படத்தோடு இன்றைக்கும் றோட்டுப் போராட்டத்தில் போய் நிற்கிறவ.

போன வெள்ளத்தில் வயல் வட்டையும் எங்கள் வீட்டு வளவும் ஒரே தண்ணீர். தகரம் வெட்டி அம்மாவின் கால் கிழிந்தது. மீட்புப் படகில் வந்த டொக்டர், ஆமி உடுப்புப் போட்ட ஒரு சிங்கள அக்கா. நான் குடை பிடித்தேன். அவ ஏழு தையல் போட்டா.

"நோகுதா அம்மா?"

அவவுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டா. ஆனால் காலை இழுக்கவில்லை.

அன்றைக்கே முடிவெடுத்தேன். அந்தப் படகில் நான் வருவேன். நோகுதா என்று மட்டுமில்லை, மிச்சம் எல்லாவற்றையும் தமிழில் கேட்பேன்.

சரி, கையெழுத்துக் கிடைத்தது. நாளைக்குத் தபாலில் போட்டால் முடிந்தது.

ஆனால் சோறு இறங்கவில்லை!

"என்னகா, சோதினப் பயமா?"

"ஓம்மா."

"பயப்படாத. நீ டொக்டராத்தான் வருவாய்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கிழித்தேன். புதிதாக ஒன்றை நிரப்பி, ஒவ்வொரு இங்கிலீஸ் வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் தமிழ் எழுதினேன். "ஆமி" என்ற சொல்லையும் மறைக்கவில்லை. கையெழுத்து இடத்தை வெறுமையாக விட்டு, அம்மா தைத்துக்கொண்டிருந்த மெசினில் வைத்தேன்.

(வைத்த கையோடு ஓடிவந்து அறைக் கதவைப் பூட்டிக்கொண்டேன். இவதான் நாளைய கடேற்!)

மெசின் சத்தம் நின்று அரை மணித்தியாலம் ஆகிறது.

அம்மா மாட்டேன் என்றாலும் நான் விடப்போவதில்லை. நாளைக்கும் கேட்பேன். நாளை மறுநாளும் கேட்பேன். ஏமாற்றி மட்டும் போக மாட்டேன்.

நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீ

ஐயோ, கதவு தட்டுறா.

"புள்ள, நித்திரையா? பேனை ஒண்டு தாகா..."