எண்ணெய் அண்ணன்மார்

ஸ்டமாத்தினாவுக்கு அந்தத் துறைமுக ஊரில் எழுபத்திரண்டு உடன்பிறப்புகள். பெற்றவள் கரிஃபலியா என்னவோ ஒரே பிள்ளையோடு நிறுத்திக்கொண்டவள்தான். மிச்சப் பேரைச் சேர்த்துவிட்டவர் திராசிவூலோஸ். கிரேக்க நாட்டு லெஸ்வோஸ் தீவில் ஐந்து தேர்தலில் நின்று ஐந்திலும் மண்ணைக் கவ்வியவர். ஓட்டுக்காக யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் ஞானத்தகப்பனாகப் போய் நின்று, ஞானஸ்நானத்தில் எண்ணெய் தடவிவிட்டு வந்துவிடுவார். ஒரே கை எண்ணெய் தடவிய பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி, அவர்களுக்குள் கல்யாணம் ஆகாது என்பது ஊர் வழக்கம்.

மற்றப் பெண்கள் இதற்காக அவரைத் திட்டித் தீர்த்தார்கள். கப்பல் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்த்த ஸ்டமாத்தினாவோ மனசுக்குள் கும்பிட்டாள். அம்மா பார்க்கும் மாப்பிள்ளைகளைத் தட்டிக்கழிக்க இதைவிடத் தோதான சாக்கு ஏது? பேக்கரிக்காரர் மகனா, எண்ணெய் அண்ணன். பள்ளிக்கூட வாத்தியாரா, எண்ணெய்த் தம்பி. இப்படியே பதினொரு பேர் போனார்கள். இடையில் ஒருநாள் பாதிரியாரிடமே கேட்டாள். “தடுக்கறது ஊர்தாம்மா, சர்ச் இல்ல” என்றார் அவர். அதை வீட்டில் சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா?

முப்பத்தொரு வயதில் கைபேசிச் செயலியில் ஆறு மாதம் விரல் தேயத் தேடினாள். உலகத்தையே சலித்துக் கடைசியில் கிடைத்தவன் இரண்டு தெரு தள்ளி, படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ஆர்கிரிஸ். சிரிக்கவைத்தே ஆளைக் கவிழ்த்துவிட்டான். அவனுக்கும் எண்ணெய் தடவியது திராசிவூலோஸ்தான். அம்மாவை மீறிக் கல்யாணம் செய்துகொள்ள அவளுக்கு மனமில்லை.

கரிஃபலியா பூசணிப்பூவில் அரிசி அடைத்துக்கொண்டிருந்தபோது ஸ்டமாத்தினா பேச்சை எடுத்தாள்.

“அம்மா, ஞாயித்துக்கிழமை ஆர்கிரிஸைக் கூட்டிட்டு வரேன்.”

“எஞ்சின்காரனையா? தங்கமான பையனாச்சேடி!” கரிஃபலியா சிலுவை போட்டுக்கொண்டாள். பாதியில் கை நின்றது. “யாருடி அவனுக்கு எண்ணெய் தடவினது?”

ஸ்டமாத்தினா அடுப்பைப் பார்த்தாள்.

“அடிப்பாவி! பதினொரு பேரைக் கூடப்பொறந்தவன்னு வெரட்டிட்டு, இப்போ ஒரு கூடப்பொறந்தவனையே இழுத்துட்டு வர்றியா?”

“சர்ச்சுல தடை இல்லையாம்மா. பாதிரியார் சொன்னார்.”

“எப்போ சொன்னார்?”

நேற்று என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “நாலு வருஷம் ஆச்சு.”

கரிஃபலியா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “அப்போ அந்த வாத்தியாருக்கு என்னடி கொறச்சல்?”

“ஒரு கொறச்சலும் இல்ல. எனக்குப் பிடிக்கல.”

“அதை வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன?”

“சொல்லியிருந்தா விட்டிருப்பியா?”

கரிஃபலியா நியாயமாகவே யோசித்துப் பார்த்தாள். “மாட்டேன்” என்றாள். “போகப்போகப் பிடிக்கும்னு உசிரை வாங்கியிருப்பேன்.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் கரிஃபலியா மகளை ஏறிட்டுப் பார்த்தாள்.

“இவனைப் பிடிச்சிருக்கா?”

பதினொரு மாப்பிள்ளை வந்துபோன வீட்டில் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

“ரொம்பம்மா.”

“அப்போ சரி. ஊர் வாயை நான் பாத்துக்கறேன்.”