பொட்டு வைத்த கீபோர்டு

கீபோர்டில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நான் நம்பிய காலம் அது. வயது இருபத்தாறு. திண்டுக்கல்லில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவுக்குப் பத்து வருடமாக வாசித்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பூசையோ துக்கப் பூசையோ, கூப்பிட்ட இடத்துக்குப் போய் வாசித்துவிட்டு வருவேன். என்னைக் குறை சொல்ல ஊரிலேயே ஒரே ஒரு ஆள்தான் இருந்தார், குழுவில் முன்னால் நின்று பாடும் பாட்டு டீச்சர்.

அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. எந்தப் பாட்டாக இருந்தாலும் நான் ஒரே சுருதியில், வெள்ளைக் கட்டைகளில்தான் வாசிப்பேன். பாடுகிறவருக்கு உயரமாகவோ தாழ்வாகவோ வேண்டுமென்றால் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. அதை அமுக்கினால் விரல் போகும் இடம் மாறாது, சுருதி மட்டும் ஏறும் அல்லது இறங்கும். எங்கள் பக்கம் கோயிலில் வாசிக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். டீச்சருக்கு அது ஆகாது. "அந்தப் பட்டனைப் பிடுங்கிட்டா நீ அம்புட்டுத்தான்" என்பார், அதுவும் எல்லார் முன்னாலும். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் பட்டன் இருக்கும்போது கறுப்புக் கட்டையோடு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும் என்று விட்டுவிடுவேன்.

என் அண்ணன் நாகல் நகரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தான். பிறகு மேடை லைட்டுகளும் சேர்த்தான். லைட்டுகளைக் கம்ப்யூட்டரில் இருந்து இயக்குகிற ஒரு சாஃப்ட்வேரும் வாங்கினான். ஊரில் அதை முதலில் வாங்கியவன் என்ற பெருமை அவனுக்கு. அந்தப் பெருமை ஒரு பெண்கள் பள்ளி ஆண்டு விழாவில் காற்றில் போனது. பிள்ளைகள் நாட்டியம் ஆடினார்கள், அண்ணன் மௌஸைப் பிடித்துக்கொண்டு திரையில் கட்டம் கட்டமாகத் தேடினான். மேடையில் மழை பெய்து ஓய்ந்த பிறகு மின்னல் அடித்தது. அரங்கமே சிரித்தது. மறுவருடமும் இப்படி நடந்தால் மதுரையில் இருந்து ஆள் வரவழைத்துக்கொள்வேன் என்று தலைமையாசிரியையான சிஸ்டர் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். அந்தப் பள்ளி போனால் அதைப் பார்த்து வந்த மற்றப் பள்ளிகளும் போய்விடும். அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுவருடம் விழா நெருங்கியபோது நான்தான் அவனிடம் சொன்னேன். மௌஸுக்கு ஒரு விரல்தான் வேலை, எனக்குப் பத்து விரல் இருக்கிறது, கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்துக் கட்டைக்கு ஒரு லைட்டாகப் பிரித்துக் கொடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தப்பு வந்தால் என்று அவன் இழுத்தான். வராது என்றேன். அவ்வளவு சாதாரணமாக வாக்குக் கொடுத்தேன்.

சென்னையில் இருந்து அதற்கான மிடி ஒயர் வந்தது. ஒரு முனை கம்ப்யூட்டருக்கு. மறு முனையில் உருண்டையாக இரண்டு பிளக், ஒன்றில் 'இன்', மற்றதில் 'அவுட்'. கீபோர்டின் முதுகிலும் அதே போல இரண்டு ஓட்டை. 'இன்' என்று எழுதியதை 'இன்'னில்தான் சொருக வேண்டும் என்று அண்ணன் அடம்பிடித்தான். ஒரு பகல் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. அவன் பிரியாணி வாங்கப் போன நேரம் பார்த்து நான் இரண்டையும் மாற்றிச் சொருகினேன். கீபோர்டின் வாயில் இருந்து வருவதுதானே கம்ப்யூட்டரின் காதுக்குப் போக வேண்டும்? அவன் திரும்பி வந்தபோது, வீட்டுக் கூடத்தில் வரிசையாக வைத்திருந்த லைட்டுகளில் ஒன்று என் விரலுக்கு எரிந்துகொண்டிருந்தது. பிரியாணிப் பொட்டலத்தைக் கையில் வைத்தபடியே நின்றான்.

மிச்சம் சுலபம்தான். திரையில் ஒரு லைட்டைத் தேர்ந்து, 'கற்றுக்கொள்' என்று அதற்கு ஆணை கொடுத்து, ஒரு கட்டையை அமுக்கினால் போதும், இரண்டுக்கும் முடிச்சு விழுந்துவிடும். விரலை வைத்திருக்கும் வரை லைட் எரியும், எடுத்தால் மெல்ல இறங்கும். மெதுவாக அமுக்கினால் மங்கல், அழுத்தினால் பிரகாசம். எது எந்த லைட் என்று தெரிவதற்கு என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தேன். நடு 'ச'வில் சிவப்புப் பொட்டு, அடுத்தடுத்த வெள்ளைக் கட்டைகளில் பச்சை, நீலம், மஞ்சள். மின்னலுக்கான பளீர் வெள்ளை லைட்டுக்குத்தான் பொட்டு அகப்படவில்லை. அதனால் ஐந்தாவது கட்டையில் பிளாஸ்திரியை வெட்டி ஒட்டினேன். ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். ஒருநாள் விரல் கட்டையில் இருக்கும்போதே தெரியாமல் டிரான்ஸ்போஸ் பட்டனில் கை பட்டது. எரிந்த லைட் அப்படியே மாட்டிக்கொண்டது. சாஃப்ட்வேரை மூடித் திறக்கிற வரை அது அணையவில்லை. இனி அந்தப் பக்கமே கை போகக் கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

விழா, மாதத்தின் முதல் வெள்ளி மாலை. முதல் வெள்ளி என்றால் காலையில் பூசை உண்டு. பூசையில் வாசித்துவிட்டுக் கீபோர்டை அப்படியே ஆட்டோவில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். அண்ணன் மௌஸால் ஒவ்வொரு லைட்டாகப் போட்டுப் பார்த்தான், எல்லாம் எரிந்தது. நான் ஒரு கட்டையைத் தட்டினேன், சிக்னல் வருகிறது என்று திரையின் மூலையில் ஒரு புள்ளி மினுக்கியது. பொட்டு பொட்டாக ஒருதடவை அமுக்கிப் பார்த்துவிடு என்றான் அண்ணன். ஒரு வாரமாக அதைத்தானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

நாட்டியம், மழைக்காகக் காத்திருக்கும் ஒரு கிராமத்தின் கதை. ஆடியதில் பாதிப் பேர் ஆத்தூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளைகள். பாட்டு டீச்சர் அந்தப் பள்ளியில்தான் வேலை பார்த்தார், மேடை ஓரத்தில் உட்கார்ந்து அவர்தான் பாடினார். முதல் காட்சி விடியல். இருட்டு மேடையில் பிள்ளைகள் குனிந்து நின்றார்கள். டீச்சர் முதல் வரியை எடுத்தார். நான் சிவப்புப் பொட்டில் விரலை வைத்தேன்.

விடியவில்லை. அழுத்தினேன். அப்போதும் இல்லை. முன்வரிசையில் சிஸ்டர் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தார். தடுமாறிப் பக்கத்துப் பொட்டை, பச்சையை அமுக்கிவிட்டேன். மேடையில் சிவப்பு ஏறியது.

அப்போதுதான் புரிந்தது. காலைப் பூசையில் டீச்சருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒரு கட்டை இறக்கு என்று சைகை காட்டினார். ஒரு கட்டைச் சுருதிக்கு இரண்டு அமுக்கு என்ற கணக்கில் பட்டனை அமுக்கி இறக்கினேன். அதைத் திருப்பி ஏற்றவே இல்லை. எங்கள் கீபோர்டுக்கு ஒரு குணம், அணைத்துப் போட்டாலும் கடைசியாக வைத்ததை மறக்காது. லைட்டுக்காகச் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்திருந்ததால் காதும் காட்டிக்கொடுக்கவில்லை. நான் எதை அமுக்கினாலும் கம்ப்யூட்டருக்கு, கறுப்பையும் சேர்த்து எண்ணினால், இரண்டு கட்டை கீழே போய்க்கொண்டிருந்தது.

இப்போது பட்டனைத் தொட்டால் ஒத்திகையில் ஆனது போலச் சிவப்பு அணையாமல் மாட்டிக்கொள்ளும். இந்த நாட்டியத்தில் கடைசி வரை மேடை இருட்டாகிற இடமே கிடையாது, ஏதாவது ஒரு விரல் கீழே இருந்தே ஆக வேண்டும். அண்ணன் கை மௌஸை நோக்கிப் போனது.

"தொடாதண்ணே" என்றேன். "நான் பார்த்துக்கிறேன்."

சொல்லியாகிவிட்டது. எல்லாவற்றையும் மேலே தள்ளி வாசிக்க வேண்டும். சிவப்புக்குப் பச்சைப் பொட்டு, பச்சைக்கு நீலப் பொட்டு, மஞ்சளுக்குப் பிளாஸ்திரி, வெள்ளைக்குப் பொட்டே இல்லாத கட்டை. நீலம் மட்டும் ஒரு கறுப்புக் கட்டையில் போய் உட்கார்ந்திருந்தது. இந்தக் கதையில் நீலம்தான் மழை. கதையே அதுதான்.

பொட்டுகள் என்னை ஏமாற்றின. அதனால் கட்டைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு மேடையை மட்டும் பார்த்தேன். டீச்சரின் பாட்டைப் பிடித்துக்கொண்டேன். சிவப்பு இறங்க மஞ்சள் ஏறியது, வெயில் கொளுத்தியது. பிள்ளைகள் குடங்களைக் கவிழ்த்துக்கொண்டு மேலே பார்த்தபோது, என் விரல் தானாகக் கறுப்புக் கட்டையைத் தேடிப் போய் உட்கார்ந்தது. மேடை நீலமானது. சுண்டுவிரலால் மின்னலைத் தட்டினேன், இந்தத் தடவை அது மழை ஓய்வதற்குள் வந்தது. கடைசியில் பச்சை. கைதட்டல் எழுந்தபோதுதான் என் ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போய் இருப்பது தெரிந்தது.

சிஸ்டர் வந்தார். ஆரம்பத்தில் வெகுநேரம் இருட்டாக இருந்தது நன்றாக இருந்தது, விடியாதோ என்று எல்லாரும் ஏங்கிப்போனோம் என்றார். அடுத்த வருடத்துக்கும் நீங்களே வந்துவிடுங்கள் என்று அண்ணனிடம் சொன்னார். நான் ஒயரைச் சுருட்டத் தொடங்கினேன்.

ஆட்டோவில் திரும்பும்போது, கீபோர்டை மடியில் வைத்தபடி அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் கீபோர்டின் பொட்டுகளைப் பார்த்தான்.

"அப்ப பூராத்தையும் தள்ளித்தான் வாசிச்சியா?"

"ஆமாண்ணே."

"உனக்கு வராதுன்னு அந்த டீச்சர் சொல்றது இதைத்தானே?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பத்து வருடமாக எனக்குக் கை வராது என்று நானும்தான் நம்பியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பட்டனைப் பூஜ்யத்தில் வைத்தேன். டீச்சர் வழக்கம்போலச் சைகையில் சுருதி சொல்லிவிட்டு, என் கை பட்டனுக்குப் போவதற்காகக் காத்திருந்தார். நான் கறுப்புக் கட்டையில் இருந்து தொடங்கினேன். இரண்டு இடத்தில் விரல் வழுக்கியது. அவர் திரும்பி என் கைகளைப் பார்த்தார். பாட்டை நிறுத்தவில்லை.