அறுபத்து நாலு குழாயும் ஒரு குடமும்

குடத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது எத்தனை லிட்டர் பிடிக்கும், எத்தனை கிலோ நிற்கும் என்று சொல்லிவிடுவேன். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்த அப்பாவுக்குத் தியாகராய நகரில் பாத்திரக் கடை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்குத்தான் போவேன். அடுக்கி வைத்த பித்தளைக் குடங்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு படித்தேன். அந்தத் திமிர்தான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

எழுபதுகளின் பிற்பகுதியில் அடையாறு பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. உப்புத் தண்ணீரைக் குடிதண்ணீராக மாற்றுகிற பிரிவு. இன்றைக்கு வீட்டுக்கு வீடு சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறார்களே ஆர்.ஓ., அதன் பாட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரை பம்ப் வைத்துப் பலமாக அழுத்தினால், மெல்லிய சவ்வு ஒன்றின் வழியாகத் தண்ணீர் மட்டும் கசிந்து வெளியே வரும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அந்தச் சவ்வை நாங்களே வார்த்தோம். பசை மாதிரி ஒரு கரைசலைக் கண்ணாடிக் குழாயின் உள்சுவரில் பூசி, சட்டென்று ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் சவ்வில் ஓட்டை விழும். நாலு வார்த்தால் இரண்டு தேறும். தேறிய சவ்வைக் கண்ணாடியிலிருந்து உருவி, துளைபோட்ட ஸ்டீல் குழாய்க்குள் செருகினால் ஒரு குழாய் தயார்.

அந்த ஐஸ், மீன்காரர்களுக்கு ஐஸ் விற்கிற இடத்திலிருந்தே பாளம் பாளமாக வரும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் புடவையில் லேசாக மீன் வாடை அடிக்கும். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "நீ படிச்ச படிப்புக்கு இதானாட்டீ வேலை?" என்பாள். எனக்கோ அந்த வேலை உயிர்.

முதல் இயந்திரத்தை ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் வைப்பதாக முடிவானது. மொத்தம் நாற்பது வீடுகள். அங்கே கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. டீ போட்டால் வாயில் வைக்க முடியாது. குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் பெரிய ரோட்டுக் குழாய் வரைக்கும் போய் வந்தார்கள். எத்தனை சவ்வு வேண்டும் என்று கணக்குப் போட, முதலில் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று தெரிய வேண்டும். கேட்டு வர என்னை அனுப்பினார்கள்.

நோட்டும் கையுமாகப் போய் நின்ற என்னை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்தான் பேச்சுக் கொடுத்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மயிலாப்பூரில் தெருத் தெருவாக மீன் விற்பவர். அக்கா என்றுதான் கடைசி வரைக்கும் அவரைக் கூப்பிட்டேன்.

"இன்னாம்மா, கணக்கெடுக்க வந்தியா? எய்திகினு போனவங்கள நெறையப் பாத்துட்டோம். திரும்பி வந்தவங்கதான் ஒர்த்தரும் இல்ல."

"நான் வருவேன் அக்கா. மெஷின் வெச்சு தினம் மூணு மணிக்கு நல்ல தண்ணி குடுப்போம்."

"வந்தா மட்டும்? கூடையோட பஸ்ல ஏத்த மாட்டான். நான் நடந்து வந்து சேர நாலரை ஆயிடும். அதுக்குள்ள எல்லாம் ரொப்பிகினு பூட்டாங்கன்னா?"

"நீங்க கடைசியா வந்தாலும் உங்களுக்கு ஒரு குடம் இருக்கும். இது என் பொறுப்பு."

மந்திரி மாதிரி சொன்னேன். அக்கா கூடையைக் கவிழ்த்து வைத்தார். பிறகு ஈரக் கையாலேயே என் கையைப் பிடித்து நாற்பது வீட்டுக்கும் கூட்டிப் போனார். குடிக்கவும் பொங்கவும் வீட்டுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் எழுதிக்கொண்டேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "குடம்னா பன்னிரண்டு லிட்டர் தாம்ளா. அதுல என்ன சந்தேகம்?" என்றார். எனக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. கடையில் அதிகம் விற்ற குடம் அதுதான்.

மீதிக் கணக்கு சுலபம். நாற்பது வீட்டுக்கு நானூற்று எண்பது லிட்டர். பம்ப் பகலில் எட்டு மணி நேரம் ஓடும். எங்கள் குழாய் ஒன்று மணிக்கு ஒரு லிட்டர் கொடுக்கும். அதிலும் நான் உஷாராக இருந்தேன். புதுச் சவ்வு முதல் சில நாள் தாராளமாகத்தான் கொடுக்கும். அழுத்தம் பட்டுப் பட்டு இறுகினதும் கை சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கின பிறகு வருகிற ஒரு லிட்டரைத்தான் கணக்கில் எடுத்தேன். அறுபது குழாய் போதும். எதற்கும் இருக்கட்டும் என்று நாலு கூட்டி அறுபத்து நாலு என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் பிரிவின் தலைவர் ஒரு எண்ணைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

குழாய்களை வார்த்து, கொட்டகை போட்டு, பம்ப் வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. முதல் நாட்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள். இயந்திரத் தண்ணீர் குடித்தால் என்ன ஆகுமோ என்று மற்றவர்களுக்குப் பயம். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு ஒருநாள் மூன்று மணிக்கு அக்கா வீடு தவிர மற்ற எல்லா வீடும் வரிசையில் நின்றது. சிவப்பும் பச்சையும் நீலமுமாக அத்தனையும் பிளாஸ்டிக் குடங்கள். பார்க்க அழகாக இருந்தது என்று நினைத்தேனே தவிர, வேறெதுவும் என் புத்தியில் உறைக்கவில்லை.

முப்பத்திரண்டாவது குடத்தோடு தொட்டி காலியானது.

பம்பைப் பார்த்தேன், குழாய்களைப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காக ஓடியிருந்தது. பிறகுதான் ஒரு காலிக் குடத்தைத் திருப்பி அடியில் போட்டிருந்ததைப் பார்த்தேன். பதினாறு லிட்டர். நான் எழுத வந்த சமயத்திலேயே குப்பத்தில் பித்தளையும் மண்ணும் போய் பிளாஸ்டிக் வர ஆரம்பித்திருந்ததாம். லேசான குடம், அதனால் பெரிய குடம். எத்தனை குடம் என்று வீடு வீடாகக் கேட்டவள், எந்தக் குடம் என்று ஒரு வீட்டிலும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. குடத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா!

நாலரை மணிக்கு அக்கா தலையில் காலிக் கூடையும் இடுப்பில் காலிக் குடமுமாக வந்தார். தண்ணீர் கிடைக்காத ஏழு பேர் கொட்டகை வாசலில் நின்றிருந்தார்கள். பம்ப் மேலோ கரண்ட் மேலோ பழியைப் போட்டிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அக்கா, நான் கணக்குத் தப்பாப் போட்டுட்டேன். தண்ணி பத்தல."

"கடைசியா வந்தாலும் கீதுன்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"ஒன்ன நம்பித்தானே இவ்ளோ பேரையும் நிக்க வெச்சேன்? இப்ப எல்லாம் என் மூஞ்சியப் பாக்கறாளுங்க." அவர் குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. குடத்தோடு உப்புக் கிணற்றுப் பக்கம் திரும்பி நடந்தார்.

தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான். "அவா பாத்திரத்தை மாத்திண்டா நாம என்ன பண்ண முடியும்? ஒவ்வொரு குடத்துலயும் பன்னண்டு லிட்டருக்கு ஒரு கோடு போட்டுடு, சரியாப் போயிடும்" என்றார்.

"சார், அவங்க பன்னிரண்டு லிட்டர் கேக்கல. ஒரு குடம் கேட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "இன்னும் எத்தனை குழாய்?" என்றார். பதினாறு என்றேன். "ஐஸுக்குச் சொல்லிடு" என்றார்.

பதினாறு குழாய்க்கு ஒரு மாதம் பிடித்தது. முப்பத்தெட்டு வார்த்து பதினாறு தேறியது. ஐஸ் தண்ணீரில் கை மரத்துப் போகும், அழுத்திப் பார்க்கும்போது ஒன்று கிழியும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். அந்த மாதம் முழுக்கக் குப்பத்தில் பெண்கள் முறை வைத்துத் தண்ணீர் பிடித்தார்கள். அக்கா மட்டும் வரவே இல்லை. அவர் முறை வந்த நாட்களிலும் வரவில்லை. எங்கள் சவ்வைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் குறை சொன்னாலும் தாங்கியிருப்பேன். அவர் வராதது மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

எண்பது குழாயும் ஓடிய முதல் நாள், வரிசை முழுவதும் நிரப்பிக்கொண்டு போனது. முப்பத்தொன்பது குடம். நாலரை ஆனது, ஐந்து ஆனது. அக்கா கூடையோடு கொட்டகையைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொட்டியில் ஒரு குடம் தண்ணீர் மீதி இருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு பச்சைக் குடத்தை இரவல் வாங்கிக் கழுத்து வரைக்கும் நிரப்பினேன். இடுப்பில் தூக்கி வைத்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. பிறந்ததிலிருந்து குடங்களுக்கு நடுவில் வளர்ந்தவள், நிறைகுடம் ஒன்றை அதுவரை சுமந்ததே இல்லை. மணலில் கால் புதைந்தது. பத்தடிக்கு ஒருமுறை குடம் சரிந்து புடவையெல்லாம் நனைந்தது. பிள்ளைகள் பின்னாலேயே சிரித்துக்கொண்டு வந்தார்கள். வெட்கமும் அழுகையுமாக அவர் வாசலில் போய் நின்றேன்.

அக்கா வெளியே வந்து பார்த்தார். வேகமாக எட்டிக் குடத்தை வாங்கி, ஒரு கையாலேயே தன் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"ஐய, இப்டியா தூக்குவாங்க? இடுப்பு ஒடிஞ்சிடும்."

"லேட்டாயிடுச்சு அக்கா. ஆனா உங்களுக்கு ஒரு குடம் இருக்கு."

அவர் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். கால் குடத்துக்கு மேல் வழியிலேயே சிந்திப் போயிருந்தது.

"இது ஒரு கொடமாம்மா?" என்றார். பிறகு முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். "நாளைக்கு நானே வந்து ரொப்பிக்கிறேன். நீ தூக்காத."