கிணற்றுக்குள் அறுபத்து நாலு பேர்

தாடிக்கொம்புக்குப் போவதாக நினைத்து சாணார்பட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள் நான். கண்ணில் புரை. போர்டு தெரியவில்லை என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டிருக்கலாம். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளின் கௌரவம் விடவில்லை. கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட்ட அன்றுதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் முதலில் பிரஷர் பார்த்தார்கள். நூற்று எண்பது. "நூத்தம்பதுக்கு வந்தாத்தாம்மா கண்ணுல கை வைப்போம்" என்ற டாக்டரம்மா, தினம் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொன்னார்.

மூன்றாம் நாளே மருந்துக்கடையில் போய்ப் பார்த்தேன். நூற்று எழுபது. எனக்குள் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள். ஒரு மாத்திரைக்குப் பத்து குறைந்தால், முப்பது குறைய மூன்று. நேர்விகிதம்! மறுநாளிலிருந்து மூன்று மூன்றாக விழுங்கினேன். விடையைச் சரிபார்க்கத் தோன்றவில்லை. அதற்காகவே பிள்ளைகளுக்கு அரை மார்க் குறைத்தவள் நான்.

பத்தாம் நாள் கால் வீங்கி, செருப்புக்குள் நுழைய மறுத்தது. பிரஷர் நூற்று அறுபது. டாக்டரம்மா காலை அழுத்தினார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. உண்மையை ஒப்புக்கொண்டேன்.

"இந்த மருந்து ரத்தத்துல சேந்து முழுசா வேலை செய்யவே ஒரு வாரத்துக்கு மேல ஆகும்மா. நீங்க மூணாம் நாளே முடிவு கட்டிட்டீங்க. ரத்தத்துல மருந்து மூணு மடங்கு ஏறலாம். அது வேலை செய்ற இடம் அம்புட்டுத்தான். அந்த இடம் நெறைய நெறைய, பிரஷர் அந்த அளவுக்குக் குறையாது, காலுதான் வீங்கும்."

இதை வருடங்களுக்கு முன்பே ஒருத்தி எனக்குச் சொல்லியிருக்கிறாள். எட்டு ஆள் எட்டு நாளில் வெட்டும் கிணற்றை அறுபத்து நாலு ஆள் எத்தனை நாளில் வெட்டுவார்கள் என்று வகுப்பில் கேட்டேன். கிணறு வெட்டும் வீட்டுப் பெண் எழுந்து, "அம்புட்டுப் பேரும் கிணத்துக்குள்ள எங்க டீச்சர் நிப்பாக?" என்றாள். வகுப்பே சிரித்தது. திமிர் என்று நினைத்து, மணி அடிக்கும்வரை அவளை வெளியே நிற்க வைத்தேன்.

"இன்னிக்கு ஆபரேஷன் இல்லம்மா. புதுச் சீட்டு எழுதித் தாரேன், செத்த நேரம் வெளிய உக்காருங்க" என்றார் டாக்டரம்மா.

வெட்கமாக இருந்தது. வெளியே வந்தேன். பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. வீங்கிய காலோடு சீட்டு வரும்வரை நின்றேன்.